எழுத்து தெரியும், வாசிக்க வராது: தடுமாறும் பிள்ளைக்கு ஒலிவழித் தமிழ்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அ முதல் ஃ வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். க, ங, ச, ஞ வரிசையும் தலைகீழ்ப் பாடம். ஆனால் ‘மேகம்’ என்று எழுதிக் காட்டினால் “எ... ம... க...” என்று நின்றுவிடும். வீட்டில் திட்டு விழும்: “எல்லா எழுத்தும் தெரியுதே, சேர்த்துப் படிச்சா என்ன?” அந்தச் சேர்க்கைதான் யாரும் அதற்குச் சொல்லித்தராத பாடம். வரிசையாகச் சொல்வது பாட்டை மனப்பாடம் செய்வது போன்றது. வாசிப்புக்கு வேண்டியது வேறு: எழுத்தைக் கண்டவுடன் அதன் ஒலி வர வேண்டும், வந்த ஒலியை அடுத்ததோடு ஒட்ட வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு, நாளுக்கு 25 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்ற கணக்கில் எழுதப்பட்ட வழிமுறை இது. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பலன் இல்லை.

முதல் நாள்: எங்கே சிக்குகிறது?

பாடம் எதுவும் நடத்த வேண்டாம். பிள்ளைக்குத் தெரியாமல் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு மட்டும் போதும். முதலில் காதைச் சோதியுங்கள். எழுதிக் காட்டாமல் “ம... லை” என்று இடைவெளி விட்டுச் சொல்லி, என்ன சொல் என்று கேளுங்கள். பிறகு “பழம்” சொல்லி, முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேளுங்கள். “ழம்” என்று வந்தால் காது தயார். இதிலேயே விழித்தால், அட்டையைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் வெறும் வாய் விளையாட்டுதான்.

அடுத்து, அகர வரிசை உயிர்மெய் 18-ஐயும் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். வரிசை உடைந்ததும் பல பிள்ளைகள் மனதுக்குள் “க ங ச ஞ” என்று ஓடிவந்து அந்த எழுத்தில் நிற்பார்கள். உதடு அசைவதைப் பார்த்தாலே தெரியும். மூன்று விநாடிக்குள் சொல்லாத எழுத்தைத் ‘தெரியாது’ என்றே குறியுங்கள். பிறகு மா, மி, மீ, மு, மூ, மெ, மே, மை, மொ, மோ ஆகியவற்றையும் கலைத்துக் கேளுங்கள். கடைசியாகப் பொருளில்லாத சொற்கள்: லீட, பேமு, நொவி, தூவன். இவற்றைப் படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, மனப்பாடத்திலிருந்தும் எடுக்க முடியாது. பாடப்புத்தகத்தைக் ‘கடகட’வென்று வாசிக்கும் பிள்ளை இங்கே திணறினால், அது வாசிக்கவில்லை, வகுப்பில் கேட்டதை ஒப்பிக்கிறது என்று பொருள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் நோட்டில் நீங்கள் குறித்த பிழைப் பட்டியல்தான் உங்களுக்கு வழிகாட்டி.

‘இக்’ என்னும் தொல்லை

மெய்யெழுத்தை நாம் இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். பெயர் சொல்ல அது வசதிதான். வாசிக்கும்போது அதே பெயர் காலை வாரிவிடும். ‘பால்’ என்பதைப் பிள்ளை “பா... இல்” என்று கூட்டினால் ‘பாயில்’ என்றுதான் வரும். ‘கண்’ என்பது “க... இண்”. பிறகு எப்படிச் சேரும்?

ஆகவே புள்ளி எழுத்துக்கு இனிமேல் முன்னால் ‘இ’ கிடையாது. ம், ன், ல், ள், ர், ய் ஆறும் இழுக்கக்கூடியவை. “பாஆஆ” என்று வாயை மூடாமல் இழுத்து, அப்படியே நாக்கை ‘ல்’லில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் சொல்லின் கடைசியில் இந்த ஆறு மட்டுமே வரட்டும்: பால், மான், வாய், நாள், தேர், மரம். க், ச், ட், த், ப் ஆகியவற்றை இழுக்க முடியாது, அடைத்துத்தான் நிறுத்த முடியும். அவை பெரும்பாலும் இரட்டித்தே வரும் என்பதால் ஒரு கைதட்டு வைத்துச் சொல்லித்தரலாம்: “ப - (தட்டு) - கம்” என்றால் பக்கம், “ப - (தட்டு) - டம்” என்றால் பட்டம். தட்டும் இடத்தில் மூச்சு அடைபடுவதைப் பிள்ளையே உணரும்.

என்னென்ன வேண்டும்

கல்யாணப் பத்திரிகை அட்டையின் வெற்றுப் பக்கம் போதும். தீப்பெட்டியைவிடப் பெரிதாக, சுமார் 5 செ.மீ.க்கு 7 செ.மீ. அளவில் அட்டைகள். கறுப்பு ஸ்கெட்ச் பேனா. சிலேட்டு. புளியங்கொட்டை ஒரு கைப்பிடி. நோட்டுக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவர் ஒன்று.

அகர உயிர்மெய்க்கு ஓர் அட்டை, மெய்க்கு ஓர் அட்டை. துணைக்கால் (ா), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), ஐகாரக் கொம்பு (ை) நான்கையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். எழுத்துக்கு இடமும் வலமும் வைத்து விளையாட இவை தோதானவை. இகர, ஈகாரக் குறிகளைப் பிளாஸ்டிக் துண்டில் எழுதினால் எழுத்தின் மேல் வைத்துக் காட்டலாம். டி, டீ இரண்டும் எழுத்தோடு ஒட்டிப் போவதால் அவற்றுக்கு மட்டும் தனி அட்டை. உகர, ஊகாரத்தைப் பிரிக்க முயலாதீர்கள், அவை முழு எழுத்தாகவே அட்டையில் இருக்கட்டும்.

எந்த வரிசையில்

அகர வரிசையை மறந்துவிடுங்கள். எழுத எளிதாக, ஒன்றுக்கொன்று வேறாகத் தெரியும் எழுத்துகளை முதலில் எடுத்து, அன்றைக்கே சொல் அமைக்க வேண்டும். ப, ட, ம, ம் நான்கு கிடைத்ததும் படம், மடம். ட் சேர்ந்தால் பட்டம், மட்டம். ர வந்தால் மரம், க வந்தால் கரம், ல் வந்தால் கடல், பகல். மூன்றாம் நாளே ஒரு சொல்லைத் தானாக வாசித்துவிட்ட பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருக்கும். அகர வரிசையில் போனால் அந்த நாள் வர மாதக்கணக்காகும்.

வாரத்துக்குப் புதிய எழுத்து மூன்று, அதிகம் போனால் நான்கு. தெரிந்த அட்டைகள் பத்தைக் கலைத்துப் போட்டு, ஒன்பதைத் தயங்காமல் சொன்னால் மேலே போகலாம். குறிகளில் முதலில் துணைக்கால், பிறகு ி, ீ, அடுத்து கொம்புகள், அதன்பின் ொ, ோ. உகரம் இவற்றுக்கெல்லாம் பிறகு. ௌ கடைசியில், அதுவும் வௌவால், மௌனம் போன்ற சில சொற்களாக மட்டும். இந்தக் குறியின் கடைசி உருவம் ‘ள’ போலவே இருப்பதால் “வெ-ள-வால்” என்று படிப்பார்கள். அதற்காக ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்பது வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. ஙி, ஙீ, ஙெ எந்தப் பாடத்தில் வருகிறது? ‘ங்’ ஒன்று தெரிந்தால் சங்கு, தேங்காய், மாங்காய் எல்லாம் வாசிக்கலாம். மாறாக, ஷ, ஸ, ஜ, ஹ நான்கையும் கொஞ்சம் முன்னதாகவே காட்டலாம். வருகைப் பதிவேட்டில் தன் பெயரையும் பக்கத்துப் பிள்ளையின் பெயரையும் படிக்க அவை தேவைப்படும்.

25 நிமிடம்

1. காது, 3 நிமிடம். எழுத்தில்லை. ஒரு சொல் சொல்ல, எழுத்துக்கு ஒரு புளியங்கொட்டையாகப் பிள்ளை நகர்த்தும். தலைக்கு இரண்டு, தக்காளிக்கு நான்கு (த, க், கா, ளி). ‘க்’கை விட்டுவிட்டு மூன்று வைத்தால், அந்தப் பிள்ளை எழுதும்போதும் புள்ளி எழுத்தை விட்டுவிடும்.

2. அட்டை, 4 நிமிடம். பழையது எட்டு, புதியது இரண்டு. தவறியதைத் தனி டப்பாவில் போட்டு, மறுநாள் அதில்தான் தொடங்க வேண்டும்.

3. சொல் மாற்றம், 7 நிமிடம். மேசையில் அட்டையால் ஒரு சொல். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று மாறும்: கல், கால், பால், பாய், நாய், நாள், வாள், வால், வேல், வேர், தேர். எது மாறியது, எங்கே மாறியது என்று பிள்ளை தொட்டுக் காட்டிவிட்டு வாசிக்க வேண்டும். முழுச் சொல்லையும் படம்போல ஞாபகம் வைக்கும் பழக்கத்தை உடைக்க இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. நேரம் குறைந்த நாளில் மற்றதை விடுங்கள், இதை விடாதீர்கள்.

4. வாசிப்பு, 7 நிமிடம். தெரிந்த எழுத்துகளால் மட்டும் ஆன துண்டு. ஒரே துண்டை மூன்று முறை.

5. சிலேட்டு, 4 நிமிடம். நீங்கள் சொல்ல, அது எழுதும். நான்கு சொல், ஒரு சிறு வாக்கியம்.

கொம்பு செய்யும் வம்பு

தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆனால் ‘மே’ என்பதில் கண்ணுக்கு முதலில் கிடைப்பது கொம்பு, வாய்க்கு முதலில் வேண்டியது ம. அதனால்தான் ‘மேகம்’ சிலருக்கு “ஏமகம்” ஆகிறது. ம அட்டையை நடுவில் வைத்து “ம” சொல்லச் சொல்லுங்கள். பிறகு இடப்பக்கத்திலிருந்து கொம்பு அட்டையை மெல்ல நகர்த்தி ஒட்டுங்கள். ஒட்டிய நொடியில் “மே”. இதையே கே, தே, வே, நே என்று பத்து முறை. பிள்ளையிடம் சொல்ல வேண்டிய விதி ஒரே வரி: கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த ஆளைப் பார்.

எழுதித்தரும் தாளில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் படகுபோல ஒரு வளைவு போடுங்கள். கொம்பும் எழுத்தும் ஒரே படகில். ொ, ோ வரும்போது மூன்று உருவமும் ஒரே படகில். இங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும்: துணைக்காலை ‘ர’ என்று படிப்பது. ‘கொடி’ என்ற சொல்லில் அது இப்படி நடக்கும்.

“கெ... ர... டி.”

“முதல் படகுல எத்தனை உருவம் இருக்கு?”

“மூணு, அக்கா.”

“நடுவுல யாரு?”

“க. முன்னாடி கொம்பு. பின்னாடி ர.”

“வால் இருக்கா பாரு.”

“இல்ல... காலு.”

“கொம்பும் காலும் ரெண்டு பக்கமும் புடிச்சா?”

“கொ.”

“இப்ப விடாம வாசி.”

“கொ... டி. கொடி!”

“என்ன கொடி?”

“மல்லிக் கொடி.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. கவனிக்க வேண்டியவை: விடையை அக்கா சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பிழையைத் திருத்தியதோடு விடாமல் முழுச் சொல்லையும் மறுபடி வாசிக்க வைத்தார். பொருளையும் கேட்டார். பிள்ளை திணறும்போது நீங்களும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். உடனே எடுத்துக்கொடுத்தால், அடுத்த முறை அது எழுத்தைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

ரவுக்கு அடியில் வால் உண்டு, காலுக்கு இல்லை. ஆனால் ர், ரி, ரீ மூன்றும் சில எழுத்துருக்களில் வாலில்லாமல் அச்சாகும். அதைத் தனியாகக் காட்டிவிடுங்கள். இரண்டு வாரத்தில் படகுகளைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடலாம்.

வீட்டில் தாத்தாவின் பழைய புத்தகம் இருந்தால், அதை எடுத்துக் கொடுக்காதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, றா, னா போன்றவற்றின் உருவமே வேறு. நன்றாக வாசிப்பவருக்கு அது வேடிக்கை, இந்தப் பிள்ளைக்கு இன்னொரு சுமை.

உகரத்துக்கு ஒரே விதி இல்லை

மற்ற குறிகள் எந்த எழுத்தோடும் ஏறக்குறைய ஒரே மாதிரி சேரும். உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறும். ஆகவே கு முதல் னு வரை வரிசையாக நடத்தாமல், உருவத்தால் ஒத்தவற்றைக் கூட்டாகச் சேர்த்து நடத்துங்கள். நேராகக் கீழே கோடு இறங்குபவை ஒரு கூட்டம்: பு, யு, வு, சு. சுற்றி வளைபவை இன்னொன்று: கு, டு, மு, ரு, ளு, ழு. காலைத் தூக்கிச் சுழிப்பவை மூன்றாவது: து, நு, லு, று, னு, ணு. ஒரு கூட்டத்துக்கு ஒரு வாரம். ஊகாரத்தில் ‘கூ’ தனி ரகம். குயில் கூவுவதைச் சொல்லி அதைச் சொல்லாகவே பதிய வைப்பது சுலபம்.

மு, ழ, மூ மூன்றையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். அதுபோல த-ந, எ-ஏ, ன-ண. ஒன்று கல்லில் பொறித்தாற்போல் பதிந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து அடுத்தது. “வித்தியாசம் தெரியட்டும்” என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், குழப்பம்தான் பதியும்.

ஓர் எழுத்து, இரண்டு மூன்று ஒலி

ஒலிவழிப் பாடம் நடத்துபவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. ட-வைத் தனியாகச் சொல்லும்போது அழுத்தி ஒலிக்கிறோம், ‘படம்’ என்பதில் அது மெலிந்துவிடுகிறது. தனியெழுத்தின் ஒலியையே வைத்துக் கூட்டும் பிள்ளை ‘பட்டம்’ என்று படித்துவிட்டு, என்ன தவறு என்று புரியாமல் நிற்கும். விதியை இலக்கணமாகச் சொல்ல வேண்டாம். சோடி சோடியாக வாசிக்கக் கொடுத்தால் காது பிடித்துக்கொள்ளும்: படம்-பட்டம், பாடு-பாட்டு, மகள்-மக்கள், பகல்-பக்கம், பசி-பச்சை. இரட்டித்தால் வன்மை, இடையில் தனியாக வந்தால் மென்மை. ங், ஞ், ண், ந், ம் முன்னால் வந்தால் இன்னொரு விதம்: சங்கு, மஞ்சள், வண்டு, பந்து, பாம்பு. ற-வையும் காற்று, கன்று என்று சொல்லில் வைத்தே காட்டுங்கள், தனியே ஒலிக்கச் சொல்லிப் பயனில்லை.

பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று

‘குடை’ எழுதச் சொன்னால் ‘கொட’, ‘இலை’ என்றால் ‘எல’, ‘பால்’ என்றால் ‘பாலு’. காது மந்தம் என்று நினைக்காதீர்கள். அதன் காது மிகச் சரியாக வேலை செய்கிறது. நாம் பேசுவது அப்படித்தான்: இடம் எடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, கடைசி மெய் உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. “தப்பு” என்று அடித்துவிட்டால், கேட்டபடி எழுதக் கூடாது என்று அது எடுத்துக்கொள்ளும். ஒலிவழிப் பாடத்தின் அடித்தளமே ஆடிப்போகும். பதிலாக இரண்டு பத்தியாகக் கோடு போட்ட நோட்டு: இடப்பக்கம் வாய்ச்சொல், வலப்பக்கம் புத்தகச்சொல். எல - இலை, கொட - குடை, எடம் - இடம். நாளுக்கு இரண்டு சொல். சிலேட்டுப் பயிற்சியில் நீங்கள் சொல்லும்போது புத்தகச்சொல்லாகவே, ஐகாரம் தெளிவாகக் கேட்கும்படி சொல்லுங்கள்.

‘வந்தார்கள்’ என்பதை “வந்தாங்க” என்று வாசித்தால் உள்ளுக்குள் மகிழலாம். பொருள் புரிந்துவிட்டது. “சரிதான், புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு?” என்று விரலை எழுத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

ல, ள, ழ பற்றி ஒரு வார்த்தை. ழகரத்தை ளகரமாகப் பேசும் ஊர்கள் நிறைய. வாழைப்பழத்தை “வாளப்பளம்” என்று படிக்கும் பிள்ளை வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. நாக்குப் பயிற்சியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக வாசிப்பை நிறுத்தி வைத்தால் இரண்டும் வராது.

படிக்கக் கொடுக்கும் துண்டு

பாடப்புத்தகப் பத்தியில் தெரியாத எழுத்து வரிக்கு நான்கு இருக்கும். அதனால் முதல் இரண்டு மாதம் நீங்களே எழுதிக் கொடுங்கள். துணைக்காலும் ி, ீ மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, அகர உயிர்மெய்களும் தேவையான ஒற்றுகளும் முடிந்திருந்தால்:

மரத்தில் கிளி.
கிளி வாயில் பழம்.
மாலா பார்த்தாள்.
“கிளி, கிளி, பழம் தா!”
கிளி “கீ... கீ...”
பழம் மாலா மடியில்!

இதில் ‘பார்த்தாள்’ தடுக்கும். ர், த் என்று இரண்டு ஒற்று அடுத்தடுத்து நிற்கிறது. அந்தச் சொல்லை முன்னதாகவே பார்-பார்த்-பார்த்தாள் என்று ஏற்றிவிட்டுத் துண்டைக் கொடுங்கள். முதல் முறை விரல் வைத்து மெதுவாக. இரண்டாவது முறை நீங்கள் ஒரு வரி, அது ஒரு வரி. மூன்றாவது முறை பேசுவதுபோல. பிறகு ஒரே கேள்வி: பழம் எப்படிக் கீழே விழுந்தது? துண்டில் விடை நேராக இல்லை, யோசித்தால்தான் வரும். பக்கத்தில் படம் வரைந்து கொடுக்காதீர்கள். வாசித்து முடித்ததும் அதுவே வரையட்டும்.

வாசிப்பு முன்னேறாமல் நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் அவசரம்தான். ஒன்பது சரி என்ற அளவுக்கு முன்பே புதிய எழுத்துக்குத் தாவியிருப்பீர்கள். இரண்டு வாரம் பின்னால் போங்கள். தவறிய சொல்லை இருபது முறை எழுதச் சொல்வதில் கை வலிதான் மிச்சம்: ஐந்தாவது முறையிலிருந்து பிள்ளை ‘க’வை மட்டும் இருபது, பிறகு ‘ட’வை மட்டும் இருபது என்று பத்தி பத்தியாக எழுதத் தொடங்கிவிடும், சொல் அங்கே இருக்காது.

எப்போது வெளியே உதவி கேட்பது

தொடங்கும்போதே கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரும்பலகைக்காகக் கண்ணைச் சுருக்குகிறதா, பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ம-ந, ப-த வேறுபாடு கேட்காமலே போகலாம்.

கண்ணும் காதும் சரி, மூன்று மாதம் விடாமல் நடத்தியும் நேற்றுச் சொன்ன எழுத்து இன்று நிற்கவில்லை, புளியங்கொட்டை விளையாட்டே பிடிபடவில்லை என்றால் கற்றல் குறைபாடு, குறிப்பாக வாசிப்பில் தடுமாற வைக்கும் டிஸ்லெக்ஸியா, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதை சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்ளும், கணக்கை வாயால் போடும், எழுத்தில் மட்டும் விழும் பிள்ளை என்றால் இன்னும் முன்னதாகவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கிறது. போகும்போது முதல் நாளிலிருந்து குறித்த அந்தப் பிழை நோட்டையும், தேதி போட்ட சிலேட்டுப் பயிற்சிகளின் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். “படிக்கவே மாட்டேங்கறான்” என்று சொல்வதைவிட, “ொ-வை மூன்று வாரமாக இப்படிப் படிக்கிறான்” என்று காட்டினால் அவர்கள் நேராக வேலையைத் தொடங்குவார்கள்.